தலைவரும் செவியும்

அரசியல் தலைவர் ஒருவரை ஓவியர் வரையப் புகுந்தால், பெரும்பாலும் அவரை ஒலிவாங்கியின் முன்னே நிறுத்தியே வரைவர். கை உயர்ந்திருக்கும், வாய் திறந்திருக்கும், எதிரே கடல்போல் மக்கள் கூட்டம் இருக்கும். முதியவள் ஒருத்தியின் முறையீட்டைத் தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பவராக ஒரு தலைவரை வரைந்த ஓவியத்தைக் காண்பது அரிது. பேச்சு வன்மையே தலைமையின் இலக்கணம் என்று நெடுங்காலமாக எண்ணிப் பழகிவிட்டோம். நாவுக்குக் கிடைத்த பெருமை செவிக்குக் கிடைக்கவில்லை. வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்திருப்பவர்க்கு இதன் பிழை எளிதில் விளங்கும். ஒலிபரப்பு எத்துணைத் தெளிவாயினும் கேட்பவர் இல்லாத வீட்டில் அது வெறும் ஓசையே அன்றோ?

கேட்டல் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. செவியால் உணர்தலும் கேட்டலே, வினாவுதலும் கேட்டலே. அரசியலில் இவ்விரண்டும் ஒன்றையொன்று பிரியா. வந்து சொல்பவரிடம் செவி கொடுப்பது ஒரு பாதி; வரமாட்டாதவரைத் தேடிச் சென்று வினாவுவது மறு பாதி. இந்த மறுபாதியே கடினமானது. அது ஏன் கடினமாகிறது என்பதை அறிய யாழ்ப்பாணக் குடாநாட்டின் தோட்டம் ஒன்றுக்குச் செல்வது தகும்.

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியில், கோப்பாயை அடுத்துள்ளது நீர்வேலி. செம்மண்ணும் வாழைத் தோட்டங்களும் நிறைந்த ஊர். பெயரில் நீர் இருப்பினும் ஊரில் ஆறு இல்லை. குடாநாட்டில் எங்குமே ஆற்றை நம்பிய வேளாண்மை இல்லை. சுண்ணக்கற் பாறைக்குக் கீழே தங்கியுள்ள மழைநீரைக் கிணற்றிலிருந்து இறைத்தே பயிர் செய்தனர். நீர் இறைக்கும் இயந்திரங்கள் வருவதற்கு முன் துலாவே கமக்காரரின் துணை. துலா இறைப்புக்கு ஆட்கள் தேவை. ஒருவர் துலாவின்மீது ஏறி முன்னும் பின்னுமாக நடந்து அதை மிதிப்பார். மற்றொருவர் கிணற்றடியில் நின்று பட்டை பிடித்து நீரை வார்ப்பார். வேறொருவர் மண்வெட்டியுடன் தோட்டத்துள் நின்று, ஒரு பாத்தி நிறைந்ததும் வாய்க்காலைத் திறந்து அடுத்த பாத்திக்குத் தண்ணீர் மாறுவார்.

இவருள் தலைமை யாருக்கு என்று கேட்டால் துலா மிதிப்பவரையே காட்டத் தோன்றும். உயரத்தில் நிற்பவர் அவர். தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கும் அவரே தெரிவார். ஆனால் வாய்க்கால் எங்கோ உடைந்து நீர் வீணே ஓடினால், அதை முதலில் அறிபவர் தண்ணீர் மாறுபவரே. அவர் குரல் கொடுப்பார்; கிணற்றடியில் நிற்பவர் அதைக் கேட்டு இறைப்பை நிறுத்துவார். கிணற்றடியில் நிற்பவர் கண்ணுக்கு நீர் எப்பொழுதும் பெருக்கெடுத்து ஓடுவதாகவே தோன்றும். கடைசிப் பாத்தி நனைந்ததா என்பதைக் கடைசிப் பாத்தியில் நிற்பவர்தாம் அறிவார். பின்னாளில் இயந்திரங்கள் வந்தபோது உழைப்பு வெகுவாகக் குறைந்தது. ஆயினும் இயந்திரத்தின் இரைச்சலில் தோட்டத்துக் குரல் கிணற்றடிக்கு எட்டாமற் போயிற்று. சொல்ல வேண்டியதைச் சொல்ல நடந்தே வரவேண்டியதாயிற்று.

ஆட்சியும் இத்தகையதே. அதிகாரத்தின் அருகில் நிற்பவர்க்கு எல்லாம் செவ்வனே நடப்பதாகத் தோன்றும். தொலைவில் நிற்பவரின் குரல் அங்கு எட்டுவதற்கு ஒரு வழி வேண்டும். பண்டை மக்கள் இதை அறிந்திருந்தனர். திருவாரூரில் மனுநீதிச் சோழன் கட்டிய ஆராய்ச்சி மணியைத் தமிழ்ச் சிறுவர் அனைவரும் அறிவர். இலங்கையிலும் அத்தகைய மணி ஒன்று உண்டு. அதைப் பற்றிச் சொல்வது மகாவம்சம். அநுராதபுரத்திலிருந்து 44 ஆண்டுகள் ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளன், தன் படுக்கையின் தலைமாட்டில் மணியொன்றைக் கட்டி, நீதி வேண்டுவோர் இழுக்கும்படி அதன் நீண்ட கயிற்றை வெளியே விட்டிருந்தான் என்று அந்நூல் கூறுகிறது. பகைவனாகத் தான் கருதிய அரசனையும் அவனது செவிக்காகப் பாராட்டிய மகாவம்ச ஆசிரியரின் நேர்மை குறிப்பிடத்தக்கது.

அம்மணியை இழுத்தவர்களுள் ஒரு கிழவியும் இருந்தாள். வெயிலிற் காயவைத்த அவளுடைய அரிசியைப் பருவந்தவறிய மழை நனைத்துவிட்டது. மழையின்மீதே முறைப்பாடு! ‘இதற்கு அரசன் என் செய்வான்?’ என்று காவலர் அவளைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். எல்லாளனோ நோன்பிருந்து, உரிய காலத்திலன்றி மழை பெய்யாதிருக்க வரம் பெற்றான் என்று கதை முடிகிறது. வரத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். கயிற்றின் நுனி ஒரு கிழவியின் கைக்கு எட்டும் தொலைவில் இருந்தது என்பதே இக்கதையில் நினைக்கத் தக்கது. திருவள்ளுவரும் கேள்வி என்னும் அதிகாரத்தைப் பொருட்பாலில், அரசியலைப் பேசும் பகுதியிலேயே வைத்தார். இடித்துரைப்பாரின் கசப்பான சொல்லைப் பொறுக்கும் பண்பை வேந்தனுக்குரிய சிறப்பாகவும் அவர் எண்ணினார்.

மணியும் கயிறும் பழங்கதையாகலாம். சென்ற நூற்றாண்டில் இந்நாட்டில் அந்தக் கயிறு யார் கைக்கு எட்டியது, யார் கைக்கு எட்டவில்லை என்பதை ஆராய 1957ஆம் ஆண்டைவிடத் தெளிவான சான்று இல்லை.

நீர்வேலி அப்பொழுது கோப்பாய்த் தேர்தல் தொகுதியைச் சேர்ந்திருந்தது. அத்தொகுதியில் 1947இல் வெற்றி பெற்றவர் கு. வன்னியசிங்கம். தமிழ்க் காங்கிரசின் சார்பில் பாராளுமன்றம் சென்ற அவர், 1949இல் சா. ஜே. வே. செல்வநாயகத்துடன் சேர்ந்து அதனின்று பிரிந்து, இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடக்கியவர்களுள் ஒருவரானார். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே தொகுதிகள். ஒன்று கோப்பாய், மற்றொன்று திருகோணமலை. கட்சியின் தலைவரான செல்வநாயகமே காங்கேசன்துறையில் தோல்வியுற்றார். நாலாண்டுகள் அவர் பாராளுமன்றத்துக்கு வெளியே இருக்க நேர்ந்தது. 1956இல் அவரும் வென்றார். கட்சிக்குப் பத்து இடங்கள் கிடைத்தன.

செல்வநாயகம் மேடைச் சிங்கம் அல்லர். இளமையில் ஆசிரியராகவும் பின்னர் குடியியல் வழக்குகளில் தேர்ந்த வழக்கறிஞராகவும் விளங்கியவர். கட்சிக்காரன் சொல்வதை முழுதும் கேளாமல் வழக்கறிஞன் ஒருவன் வாதாட முடியாது. அந்தப் பழக்கம் அவரோடு அரசியலுக்கும் வந்தது எனலாம். பிற்காலத்தில் நோயினால் அவருடைய குரல் மிகவும் தணிந்தது, செவிப்புலனும் மங்கியது. குரலும் செவியும் மங்கிய பின்னரும் ஒரு மனிதர் பெருங் கூட்டத்தின் தலைவராக இருந்தார் என்பதை, பேச்சே தலைமை என்போர் எண்ணிப் பார்த்தல் நன்று.

அவருக்கு எதிரே அமர்ந்தவர் பிரதமர் எஸ். டபிள்யு. ஆர். டி. பண்டாரநாயக்க. ஒக்ஸ்போட் பல்கலைக்கழக மாணவர் மன்றத்திலேயே பேச்சாளராகப் பெயரெடுத்தவர். 1926இல், இளைஞராக இருந்தபோது, யாழ்ப்பாணத்துக்கு வந்து, இலங்கைக்குப் பொருத்தமானது கூட்டாட்சி முறையே என்று சொற்பொழிவாற்றியவரும் இவரே. பின்னாளில் தமிழரசுக் கட்சி கேட்டதை, அக்கட்சி பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முன்னரே யாழ்ப்பாணத்தாருக்கு எடுத்துச் சொன்னவர் அவர். ஆயினும் 1956இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்னும் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. அவ்வாண்டு யூன் 5ஆம் நாள், பாராளுமன்றத்துக்கு அணித்தாயிருந்த காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் செய்ய அமர்ந்த தமிழரசுக் கட்சியினர் கூட்டத்தாரால் தாக்கப்பட்டனர். உள்ளே மொழியைப் பற்றிய பேச்சு. வெளியே அம்மொழியைப் பேசுவோர்மீது அடி. இடையே இருந்த தொலைவு ஒரு வீதியளவே. செவிக்குத் தொலைவு என்பது மைலால் அளக்கப்படுவதன்று.

1956 ஆகத்தில் திருகோணமலையில் கூடிய தமிழரசுக் கட்சி மாநாடு அரசாங்கத்துக்கு ஓராண்டுத் தவணை கொடுத்தது. அத்தவணை முடியுமுன் இரு தலைவர்களும் நேரிற் சந்தித்துப் பேசினர். 1957 யூலை 26ஆம் நாள் பண்டாரநாயக்க–செல்வநாயகம் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அதன் உள்ளடக்கத்தை நோக்கினால் இருவரும் ஒருவரையொருவர் உண்மையாகவே கேட்டிருந்தனர் என்பது புலனாகும். தமிழ் இந்நாட்டின் தேசியச் சிறுபான்மை இனத்தின் மொழியாக ஏற்கப்படும். வடக்கு கிழக்கு மாகாணங்களில் நிருவாகம் தமிழில் நடைபெறும். ஆயினும் அரசகரும மொழிச் சட்டத்தின் நிலைக்கு ஊறு நேராது. வட மாகாணத்துக்கு ஒரு பிரதேச சபை. கிழக்குக்கு இரண்டோ அதற்கு மேற்பட்டனவோ. விவசாயம், காணி, குடியேற்றம், கல்வி, சுகாதாரம், மீன்பிடி, வீதிகள் முதலியன அச்சபைகளின் பொறுப்பு. செல்வநாயகம் கேட்டது முழுவதும் இதில் இல்லை. பண்டாரநாயக்க கொடுக்க எண்ணியிருந்ததைவிட இதில் மிகுதியாகவும் இருந்திருக்கலாம். ஒருவர் மற்றவரின் அச்சத்தைக் கேட்டறிந்தாலன்றி இத்தகைய வாசகத்தை எழுத இயலாது. அறிவித்திருந்த சத்தியாக்கிரகத்தைத் தமிழரசுக் கட்சி கைவிட்டது.

பிறகு நேர்ந்தது என்ன? உடன்படிக்கையை எதிர்த்து அவ்வாண்டு ஒக்டோபரில் ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே. ஆர். ஜயவர்த்தன கண்டிக்கு யாத்திரை புறப்பட்டார். அது இம்புல்கொடையில் தடுக்கப்பட்டது. 1958இல் சிங்களச் ‘சிறீ’ எழுத்துப் பொறித்த வாகனங்கள் வடக்கே அனுப்பப்பட, அவ்வெழுத்தைத் தார் பூசி அழிக்கும் இயக்கம் தமிழர் பகுதிகளில் எழுந்தது. தெற்கே தமிழ்ப் பெயர்ப்பலகைகள்மீது தார் பூசப்பட்டது. ஏப்பிரல் 9ஆம் நாள் பிக்குமார் பலர் கொழும்பு றோஸ்மீட் பிளேசிலுள்ள பிரதமரின் இல்லத்தின் முன் வந்தமர்ந்தனர். உடன்படிக்கை கைவிடப்பட்டது என்று எழுத்தில் தரும்வரை எழமாட்டோம் என்றனர். அன்றே அவர்கள் கேட்டது எழுத்தில் கிடைத்தது.

இதைப் பண்டாரநாயக்கவின் மனவலிமைக் குறைவு என்று கூறி முடித்துவிடுவது வழக்கம். அது முழு உண்மையாகாது. பிக்குமாரும் இந்நாட்டு மக்களே. அவர்களுக்கும் ஓர் அச்சம் இருந்தது. அதை அவர் கேட்டது தவறன்று. அவர் கேட்டது எந்தக் குரலை, எந்த அளவில் என்பதே கேள்வி. வாசலில் அமர்ந்தவரின் குரல் உரத்து ஒலித்தது. அந்த உடன்படிக்கையினால் தம் ஊரில் தம் மொழியிலேயே காரியம் பார்க்கலாம் என்று காத்திருந்தவரின் குரல் இருநூறு மைலுக்கு அப்பால் இருந்தது. அருகிலுள்ள குரலைக் கேட்பதற்குத் தலைவர் எவரும் முயல வேண்டியதில்லை. அது தானே வந்து செவியில் விழும். தொலைவிலுள்ள குரலை நினைவில் இருத்தி, அருகிலுள்ள குரலோடு ஒரே தராசில் இடுவதற்கே முயற்சி வேண்டும். ஏப்பிரல் 9இல் அத்தராசின் ஒரு தட்டில் எவரும் இல்லை.

மற்றொரு குறையும் உண்டு. அது இரு தரப்புக்கும் பொது. ஓர் அறைக்குள் இரு தலைவர்கள் ஒருவரையொருவர் கேட்டனர். அங்கே கேட்டதை அவரவர் மக்களிடம் எடுத்துச் சென்று, அவர்களுடைய ஐயங்களையும் கேட்டு விடையளிக்கும் வேலை போதிய அளவு நடைபெறவில்லை. உடன்படிக்கையில் இல்லாத அபாயங்கள் பலவும் அதில் இருப்பதாகத் தெற்கே பேசப்பட்டபோது, அவற்றை ஊர் ஊராகச் சென்று மறுக்கப் பிரதமரின் கட்சி முனையவில்லை. இரு நாவலர்கள் பேசிக்கொள்வதுபோலன்று இரு தலைவர்கள் கேட்பது. தலைவர் ஒருவர் கேட்டது அவருக்குப் பின்னால் நிற்பவர்க்கும் கேட்கவேண்டும்.

1958 மே மாத இறுதியில் வன்செயல் மூண்டது. அவசரகால நிலை பிறப்பிக்கப்பட்டது. கொழும்பிலிருந்து தமிழ் அகதிகள் கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்திறங்கினர். ஆகத்து மாதத்தில் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அப்பொழுது தமிழரசுக் கட்சிப் பிரதிநிதிகள் காவலில் இருந்தனர். ஒரு மொழிக்கு உரிமை வழங்கும் சட்டம், அம்மொழிக்காரர் பெரும்பாலோரின் பிரதிநிதிகள் பேச இயலாத நாளில் நிறைவேறிற்று. அச்சட்டத்துக்கு வேண்டிய பிரமாணங்களோ 1966 சனவரியிலேதான் இயற்றப்பட்டன.

இவ்வளவையும் தெற்கிற்கு மட்டும் உரிய குறையாகச் சொல்லி அமைவது நேர்மையாகாது. மீண்டும் குடாநாட்டுக் கிணற்றடிக்கு வருவோம். தண்ணீர் மாறுபவரின் குரலைக் கேட்ட அதே கிணற்றடியில், கயிற்றைத் தொடும் உரிமை இன்றி, யாரேனும் வந்து வார்க்கும்வரை வெறுங்குடத்துடன் ஒதுங்கி நின்றவர்களும் இருந்தனர். அவர்கள் குரல் யார் செவியில் விழுந்தது? 1930ஆம் ஆண்டையொட்டி, பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக அமர வேண்டும் என்ற விதி வந்தபோது, யாழ்ப்பாணத்துப் பெரியோர் பலர் அதை எதிர்த்தனர். பாடசாலைகள் சில தீக்கிரையாயின. சர்வசன வாக்குரிமையைச் சேர். பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெருந்தலைவர்களே எதிர்த்தனர். பொதுக் கிணறு, கடை, கோயில் ஆகிய இடங்களில் பிறப்பைக் காட்டித் தடுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது 1957இல். உடன்படிக்கை கைச்சாத்தான அதே ஆண்டில். சட்டம் வந்து பதினோராண்டுகளின் பின்னரும், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே செல்ல வேண்டி மக்கள் போராட வேண்டியிருந்தது. மாவிட்டபுரம் காங்கேசன்துறைத் தொகுதியில் உள்ளது. கொழும்பில் தம் இனத்துக்காகக் கெஞ்சியும் வாதாடியும் நின்ற கட்சி, தம் வாசலில் எழுந்த இக்குரலுக்கு உரிய வலிமையோடு துணை நிற்கவில்லை என்று அன்று குறை கூறப்பட்டது. அக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை. பெரும்பான்மையோரின் செவிட்டுத்தன்மையால் வருந்துபவன், தானும் வேறொருவனுக்குப் பெரும்பான்மையாக நின்று செவிடனாகிவிடுகிறான். இதைவிடக் கசப்பான பாடம் அரசியலில் அதிகம் இல்லை.

இவ்வாறாயின் கேட்டல் என்பதை எப்படிச் செய்வது? 1927 நவம்பரில், யாழ்ப்பாண மாணவர் காங்கிரசின் அழைப்பை ஏற்று இங்கு வந்த காந்தியடிகள், அதற்குப் பத்தாண்டுகள் முன்னர் பீகாரிலுள்ள சம்பாரணில் அதைச் செய்து காட்டியிருந்தார். அங்கே குடியானவர்கள் தம் நிலத்தில் இருபதில் மூன்று பங்கில் அவுரி பயிரிட்டுத் தோட்டத்துரைமாருக்குக் கொடுக்கவேண்டிய கட்டாயத்தில் இருந்தனர். இராஜ்குமார் சுக்லா என்னும் குடியானவர் இதைச் சொல்ல 1916இல் இலக்னோக் காங்கிரசுக்கு வந்தார். காந்தியடிகளுக்குச் சம்பாரண் என்னும் பெயரே அப்பொழுது தெரியாது. சுக்லா விடவில்லை, கான்பூருக்கும் அகமதாபாத்துக்கும் தொடர்ந்து சென்றார். ஈற்றில் 1917 ஏப்பிரலில் காந்தியடிகள் சம்பாரண் சேர்ந்தார்.

அங்கு சென்றதும் அவர் கூட்டம் கூட்டிப் பேசவில்லை. இராஜேந்திர பிரசாத், பிரஜ்கிஷோர் பிரசாத் முதலிய பெரும் வழக்கறிஞர்களை எழுத்தாளர்களாக அமர்த்தினார். குடியானவர் ஆயிரக்கணக்கில் வந்தனர். ஒவ்வொருவர் சொல்லும் எழுதப்பட்டது. எழுதுமுன் குறுக்குக் கேள்வியும் கேட்கப்பட்டது. ஐயத்துக்கு இடமானது நீக்கப்பட்டது. அரசாங்கத்தின் இரகசியப் பொலிசார் உடனிருந்ததையும் அவர் தடுக்கவில்லை. தோட்டத்துரைமாரையும் சென்று கண்டு அவர்கள் பக்க நியாயத்தையும் கேட்டார். பின்னர் அரசாங்கம் விசாரணைக் குழு அமைத்தபோது அவரையும் அதில் ஓர் உறுப்பினராக்கிற்று. 1918இல் சட்டத்தால் அம்முறை ஒழிந்தது. இரக்கத்தோடு கேட்டவர், கேட்டதைச் சோதித்தும் பார்த்தார். மறுதரப்பையும் கேட்டார். வாய் திறந்தது அதன் பிறகே. அதனால் அவர் கூறியதை மறுக்க அரசாங்கத்தால் இயலவில்லை.

இலங்கையில் அத்தகைய கேட்டலுக்கு வாய்ப்புகள் பின்னரும் வந்தன. 1965 மார்ச்சு 24இல் டட்லி சேனாநாயக்கவும் செல்வநாயகமும் மற்றோர் உடன்படிக்கை செய்தனர். அதிலிருந்த மாவட்ட சபைத் திட்டம் எதிர்ப்புக்கு அஞ்சி 1968இல் கைவிடப்பட்டது. 1972ஆம் ஆண்டு யாப்பை ஆக்கிய அரசியல் நிர்ணய சபையில் தமிழரசுக் கட்சியின் திருத்தங்கள் ஏற்கப்படவில்லை. கட்சி 1971இலேயே அச்சபையை விட்டு வெளியேறியது. யாப்பு நடைமுறைக்கு வந்தபின் செல்வநாயகம் தம் பாராளுமன்றப் பதவியைத் துறந்து, மக்கள் தீர்ப்பைக் கேட்போம் என்றார். இடைத்தேர்தல் நடைபெறவே 1975 பெப்பிரவரி ஆயிற்று. பெருவாரியான வாக்குகளால் அவரே வென்றார். வாக்களித்தோர் சொன்னது அப்பொழுதும் கொழும்பில் கேட்கவில்லை. 1977 ஏப்பிரலில் அவர் காலமானார்.

பின்னர் 1983 வந்தது, போரும் வந்தது. 1987 யூலை 29ஆம் நாள் இந்திய–இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அதில் ஒப்பமிட்ட இலங்கைச் சனாதிபதி, அன்று கண்டி யாத்திரைக்குத் தலைமை தாங்கிய அதே ஜே. ஆர். ஜயவர்த்தன. அவ்வாண்டு நவம்பரில் நிறைவேறிய 13ஆவது திருத்தம் தமிழையும் ஓர் அரசகரும மொழி ஆக்கிற்று. மாகாண சபைகளுக்கும் வழி செய்தது. பண்டாரநாயக்கவும் செல்வநாயகமும் கைச்சாத்திட்ட அந்த யூலை 26இலிருந்து இந்த யூலை 29வரை, முப்பது ஆண்டுகளும் மூன்று நாட்களும் ஆகியிருந்தன.